ஆசிரியர் ஆவதற்கு வாசல் ஒன்றல்ல

(ஆலயக் கல்வி நிதி வழங்கும் விழாவில் செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவருள் துணையால் இவ்வாண்டும் கல்வி நிதி வழங்கும் விழாவைக் கலைமகள் சந்நிதியில் சிறப்பாக நடத்துகிறோம். பத்து நிமிடம் பேசுமாறு தலைவர் பணித்தார். நாற்பதாண்டு காலம் வகுப்பறையில் பேசியவனுக்குப் பத்து நிமிடம் என்பது வருகைப் பதிவேடு எடுக்கவே போதாது. சற்றுக் கூடினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் இந்த மண்டபத்தில் பெற்றோர் யாராவது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், பிள்ளைக்கு ஆசிரியர் வேலைதான் ஆசை. ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அவ்வளவுதானா?" என்பதே அந்தக் கேள்வி. அவ்வளவு இல்லை என்பதுதான் என் பதில். ஆசிரியர் பணிக்கு வாசல் ஒன்றல்ல. ஆனால் எந்த வாசல் வழியாக வந்தாலும் பயிற்சி என்னும் கருவறை வரை போய்த்தான் ஆக வேண்டும். இதைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நானே நேர்வாசல் வழியாக வந்தவன் அல்லன். 1977இல் ஐந்தாம் படிவம் முடித்தேன். ஆசிரியர் கல்லூரிக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வோடு திரும்பி வந்தேன். அப்பா பால்மரம் வெட்டியவர். எனக்குக் கீழே தம்பி தங்கைகள் நால்வர். பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார், தற்காலிக ஆசிரியர் தேவை என்று கேள்விப்பட்டு, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய் நின்றேன். அடுத்த திங்கட்கிழமையே வேலையில் சேரச் சொன்னார்கள். என் ஆசிரியப் பணி தொடங்கியது இப்படித்தான். ஒரு நாள் பயிற்சிகூட இல்லை.

பள்ளி என்றால் ஒரே கூடம். நடுவில் கரும்பலகையைத் தடுப்பாக நிறுத்தி இரண்டு வகுப்புகள் நடக்கும். எனக்குக் கொடுத்தது இரண்டாம் ஆண்டு. எனக்கு எப்படிப் பாடம் நடத்தினார்களோ அப்படியே நானும் நடத்தினேன். நான் வாசிப்பேன், பிள்ளைகள் பின்தொடர்வார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வாசிப்பார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எழுந்து நின்றால் கணீரென்று வாசிப்பான். தடுமாற்றமே இருக்காது. நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று தலைமையாசிரியரிடமே சொல்லியிருக்கிறேன். ஏறக்குறைய ஓராண்டு கழிந்த பிறகு ஒரு நாள் அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போது அருகில் போய்ப் பார்த்தேன். புத்தகத்தில் அவன் திறந்து வைத்திருந்தது வேறு பாடம். வாயிலிருந்து வந்ததோ அன்றைய பாடம். மற்றப் பிள்ளைகள் வாசிப்பதைக் காதால் கேட்டே முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்துவிடுவான். எழுத்துக் கூட்டி ஒரு சொல்லைப் படிக்க அவனுக்குத் தெரியாது.

அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரம்பை எடுத்தேன். என்னை ஏமாற்றிவிட்டான் என்று எண்ணினேன்.

இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது ஆசிரியர் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. அங்கே ஒரு விரிவுரையாளர் வாசிப்பைச் சோதிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். பாடத்தில் உள்ள சொற்களைத் தனித்தனி அட்டைகளில் எழுது, வரிசையை மாற்றிக் காட்டு, பிள்ளை படிக்கிறதா ஒப்பிக்கிறதா என்பது தெரிந்துவிடும் என்றார். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிட வேலை எனக்குத் தெரியாமல் இருந்ததால் ஒரு பிள்ளையின் ஓராண்டு வீணாகிப் போனது. பயிற்சி முடிந்து அந்தத் தோட்டத்துக்குத் தேடிக்கொண்டு போனேன். அவன் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்துவிட்டது என்றார்கள். அவனுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

ஆகவே, ஆசிரியர் சான்றிதழ் என்பது சம்பளப் பட்டியலுக்காக மட்டும் கேட்கும் காகிதம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆர்வம் இருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஆர்வம் எனக்கும் நிறைய இருந்தது. அந்தப் பையனுக்கு அது உதவவில்லை.

அதே பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியர் இருந்தார். பெரிய சார் என்றுதான் தோட்டமே அழைக்கும். அவர் 'நார்மல்' வகுப்பில் பயிற்சி பெற்றவர். இளையவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வாரம் முழுவதும் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, வார இறுதியில் பட்டணத்துக்குப் போய்ப் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். தோட்டத்திலிருந்து பட்டணம் வரை அவர் சைக்கிளிலேயே போய் வந்தார். மழை பெய்தால் புத்தகங்களைப் பால்தாளில் சுற்றிக்கொண்டு போவாராம். பாடத்திட்டம் எழுதுவது எப்படி என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தவர் அவரே.

இந்த நாட்டில் தமிழ் ஆசிரியர்களின் வரலாறே பக்கவாசல் வழியாக வந்தவர்களின் வரலாறுதான். கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. ஆசிரியர்கள்? எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியும் கிராணியும்தான் பல தோட்டங்களில் வாத்தியார். மலாய் ஆசிரியர்களுக்கென்று தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1922இலேயே எழுந்தது. ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க, இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அருகே கிர்க்பியில் 1952 முதல் 1962 வரை ஒரு மலாயாக் கல்லூரியே இயங்கியது. தோட்டத்துத் தமிழ் வாத்தியாருக்கு வாய்த்தது வார இறுதி வகுப்பு. நாடு சுதந்திரம் பெற்ற 1957இல் பகல் பயிற்சி நிலையங்கள் வந்தன. அதற்குப் பின்னரே நிலைமை படிப்படியாகச் சீரடைந்தது.

இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. பக்கவாசலில் வந்தவர்களைத் தாழ்வாக நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அவர்கள் கற்றுக்கொடுத்த எழுத்துத்தான் இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்குச் சோறு போட்டது.

சரி, இன்று என்னென்ன வாசல்கள் இருக்கின்றன? பெற்றோர் கேட்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது நேர்வாசல். எஸ்.பி.எம். முடித்தவுடன் ஆசிரியர் கல்விக் கழகத்தில் சேர்வது. நாங்கள் மக்தாப் என்று சொன்ன பயிற்சிக் கல்லூரிகளே இன்று அந்தக் கழகத்தின் வளாகங்களாக இருக்கின்றன. நாடெங்கும் 27 வளாகங்கள் உள்ளன. எங்கள் காலத்தில் அங்கே கொடுத்தது சான்றிதழ். 1996இல் அது டிப்ளோமாவாகி, இப்போது இளங்கலைப் பட்டமாக உயர்ந்திருக்கிறது. அடிப்படைக் கல்வியோடு சேர்த்து ஏறக்குறைய ஐந்தாண்டுப் படிப்பு. சிறந்த எஸ்.பி.எம். தேர்ச்சியோடு எழுத்துச் சோதனை, நேர்முகம் எல்லாம் உண்டு. போட்டி கடுமை. வயது வரம்பும் உண்டு. தகுதி விவரங்கள் அவ்வப்போது மாறுவதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களில் கல்வித்துறைப் பட்டம். ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ முடித்தவர்களுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. சற்று முன் சொன்ன சுல்தான் இட்ரிஸ் கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாயிற்று. ஆசிரியர் கல்விக்கென்றே பெயர் பெற்ற இடம். மக்தாப்பில் இடம் கிடைக்காத பிள்ளை ஆறாம் படிவம் போனால் காலம் வீணாகும் என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். வீணாகாது. எஸ்.டி.பி.எம். எழுதி, பட்டம் பெற்று, ஆசிரியராகித் தலைமையாசிரியர் வரை உயர்ந்த என் மாணவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கான வழி. கணக்கியலோ அறிவியலோ படித்தவர், அதன்மேல் பட்டப்பின் கல்வி டிப்ளோமா ஒன்றைப் படித்தால் பயிற்சி பெற்ற ஆசிரியராகிறார். இதைப் பகுதி நேரமாகப் படிக்கவும் வசதி உண்டு. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை வேலை செய்பவர்களை மனத்தில் வைத்தே நடக்கின்றன.

நான்காவது, முதலில் வகுப்பறை, பிறகு பயிற்சி என்னும் வழி. பெரிய சார் போன வழியும், நான் தொடங்கிய வழியும் இதுதான். இது மறைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆள் பற்றாக்குறை வரும்போதெல்லாம் அரசாங்கம் இதைத் திறக்கிறது. பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர்களுக்குப் பள்ளி விடுமுறைக் காலங்களில் பயிற்சி கொடுத்த திட்டங்கள் நடந்திருக்கின்றன. 2021ஆம் ஆண்டு இறுதியில் கல்வி அமைச்சு 18,702 ஆசிரியர்களைச் சிறப்பு முறையில் சேர்ப்பதாக அறிவித்தது. அவர்களில் ஆசிரியர் பயிற்சி இல்லாத பட்டதாரிகளை ஒப்பந்த அடிப்படையில் எடுத்து, பணியில் இருந்தபடியே கல்வி டிப்ளோமாவை முடிக்க வைப்பது ஏற்பாடு. இத்தகைய வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது கையில் சான்றிதழ்கள் தயாராக இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பாலர் பள்ளி. நம் பெண்கள் பலர் குறைந்த சம்பளத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பல ஆண்டுகள் அப்படியே இருந்துவிடுகிறார்கள். 2013 முதல் 2025 வரைக்குமான கல்விப் பெருந்திட்டம், பாலர் பள்ளி ஆசிரியர் எல்லாரும் குறைந்தது டிப்ளோமா பெற வேண்டும் என்று இலக்கு வைத்தது. எஸ்.பி.எம். தேர்ச்சி போதாதவர்களுக்கு 'ஏப்பல்' என்று ஒரு முறை இருக்கிறது. வேலை அனுபவத்தை மதிப்பிட்டு, அதன் அடிப்படையில் உயர்கல்வியில் சேர அனுமதிப்பது. இருபது வயது நிரம்பியவர்கள் இவ்வழியாக டிப்ளோமாப் படிப்புக்கு முயலலாம். பத்தாண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம் வீண் போகாது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இங்கே மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும்.

ஒன்று, தமிழ்மொழி. தமிழ்ப்பள்ளியில் தமிழாசிரியராக வேண்டுமானால் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழிப் பாடத்தில் நல்ல தேர்ச்சி கேட்பார்கள். தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கிறது, போக்குவரத்து இல்லை, மதிப்பெண் குறைந்துவிடும் என்று காரணம் சொல்லி இடைநிலைப்பள்ளியில் தமிழை விட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் படிவத்தில் அந்த ஒரு பாடத்தை விடும்போது, பிற்காலத்தில் திறக்கக்கூடிய பல வாசல்களை நாமே சாத்திவிடுகிறோம். மலாய்மொழியும் வரலாறும் அவ்வாறே. அவற்றில் தவறியவர்கள் வெட்கப்படாமல் மறுதேர்வு எழுத வேண்டும்.

இரண்டு, அனுமதி வேறு, தகுதி வேறு. தனியார் பள்ளியில் கற்பிப்பவருக்குக் கல்வி இலாகாவின் கற்பித்தல் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பயிற்சி பெற்றுவிட்டேன் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது கற்பிக்கக் கிடைத்த அனுமதி மட்டுமே.

மூன்று, பணம் கட்டும் முன் விசாரியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், நாளிதழ் விளம்பரத்தைப் பார்த்து மகளை ஒரு தனியார் வகுப்பில் சேர்த்துச் சில ஆயிரம் வெள்ளி கட்டியது. அழகான சான்றிதழ் கிடைத்தது. சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்கள். அதை எந்தப் பள்ளியும் ஏற்கவில்லை. ஒரு படிப்பு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா, அரசாங்கப் பணிக்கு ஏற்கப்படுமா என்று எழுத்து மூலம் கேட்டறிந்த பிறகே பணத்தைக் கொடுங்கள். தகுதி பெற்றாலும் அரசாங்க நியமனம் காலியிடத்தையும் நேர்முகத் தேர்வையும் பொறுத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, நன்கொடையாளர் பெருமக்களாகிய உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பெண் கல்வி உதவி கேட்டு நம் ஆலயத்துக்கு வந்தார். வயது முப்பதை நெருங்கும். ஒரு குழந்தைக்குத் தாய். கணக்கியலில் பட்டம் பெற்றவர். பிரசவ விடுப்பில் போகும் ஆசிரியர்களுக்குப் பதிலாகத் தமிழ்ப்பள்ளிகளில் மாற்றாசிரியராக வேலை செய்துகொண்டிருந்தார். நம் ஆலயத்தின் சனிக்கிழமைச் சமய வகுப்பிலும் ஊதியமில்லாமல் பாடம் எடுப்பவர். பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்க இடம் கிடைத்திருந்தது. கட்டணத்தை எப்படியோ பாதி புரட்டிவிட்டார். பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகும் மாதங்களில் சம்பளம் வராதே, அதற்குத்தான் உதவி கேட்டார்.

நம் கல்வி நிதியின் விதி உங்களுக்குத் தெரியும். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். முழுநேரமாக முதல் பட்டமோ டிப்ளோமாவோ படிப்பவராக இருக்க வேண்டும். அவருக்கு வயதும் கூடுதல், பட்டமும் ஏற்கெனவே இருக்கிறது, படிப்போ பகுதி நேரம். விண்ணப்பத்தை நிராகரித்தோம். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவன் நான்தான். நாற்பதாண்டுகளுக்கு முன் சைக்கிளில் போய் நின்ற அந்தத் தற்காலிக ஆசிரியன், விதிப்புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை வகுப்பையும் நிறுத்தவில்லை. வளையல்களை அடகு வைத்துப் படித்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சென்ற விஜயதசமி அன்று அர்ச்சனைத் தட்டோடு வந்தார். படிப்பு முடிந்துவிட்டது, நியமனத்துக்காகக் காத்திருக்கிறேன் என்றார். போகும்போது கல்வி நிதிக்கென்று ஐம்பத்தொரு வெள்ளியை என் கையில் கொடுத்து, "ஐயா, இது வயசு கடந்தவங்களுக்கும் போய்ச் சேருமா?" என்று கேட்டார். ரசீது எழுதிக் கொடுத்தேன். பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வியைச் செயலவைக் கூட்டத்தில் எடுத்து வைத்தேன். விவாதம் நடந்தது. நிதி குறைவு, இளையவர்களின் பங்கு குறைந்துவிடும் என்று சிலர் கவலைப்பட்டார்கள். அதுவும் நியாயமான கவலைதான். இறுதியில், இப்போதுள்ள உதவியில் கை வைக்காமல், தனியாக ஒரு பகுதி ஏற்படுத்துவது என்று முடிவாயிற்று. ஏற்கெனவே வகுப்பறையில் இருந்துகொண்டு தகுதி பெறப் படிப்பவர்களுக்கு அது உதவும். மாற்றாசிரியர், பாலர் பள்ளி உதவியாளர், சமய வகுப்பு ஆசிரியர் எவரும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை. முதல் ஆண்டில் ஐவருக்கு மட்டும். கட்டணத்தை மாணவர் கையில் கொடுக்காமல் கல்வி நிலையத்துக்கே நேரடியாகச் செலுத்துவோம். பயிற்சி மாதங்களுக்கு மட்டும் சிறு உதவித்தொகை தருவோம். பெறுபவர்கள் படிப்பு முடிந்தபின் ஓராண்டு நம் ஆலயச் சனிக்கிழமை வகுப்புக்கு உதவ வேண்டும். விண்ணப்பத் தாள் அலுவலகத்தில் இருக்கிறது.

இந்தப் பகுதி நிலைக்குமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. கோபுரத் திருப்பணிக்குக் கொடுத்தால் பெயர் கல்லில் பொறிக்கப்படும். குடமுழுக்குக்குக் கொடுத்தால் ஊரே பார்க்கும். ஓர் ஆசிரியரின் பயிற்சிக்குக் கொடுத்தால் கல்வெட்டு கிடையாது. ஆனால் எங்கோ ஒரு பள்ளியில், இரண்டாம் ஆண்டு வகுப்பில், மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒரு பிள்ளையை அந்த ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்வார். பிரம்பை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைக் காட்டிக்கொடுப்பார். அந்தப் பிள்ளைக்கு உங்கள் பெயர் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

மாணவச் செல்வங்களே, நேர்வாசல் திறந்தால் மகிழ்ச்சியோடு போங்கள். திறக்கவில்லை என்றால் திரும்பிவிடாதீர்கள். பிராகாரத்தைச் சுற்றி வாருங்கள். வேறு வாசல்கள் இருக்கின்றன. உள்ளே வந்த பிறகு பயிற்சியைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

 கலைமகள் அருள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதாக.